முறைப்பையனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

தம்பி இறந்த அன்று காலை நான் வகுப்பில் இருந்தேன். கடத்தூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருக்கும்போது தம்பி மனைவியின் எண்ணிலிருந்து போன் வந்தது. வகுப்பில் நான் போன் எடுப்பதில்லை. அது நிற்காமல் அடிக்கவும் வராண்டாவுக்குப் போய் எடுத்தேன்.

"அண்ணி, இவரு நெஞ்சு எரியுதுன்னாரு. வாயுவா இருக்கும்னு சோடா குடிச்சாரு. இப்பக் கூப்பிட்டாப் பேச மாட்டேங்கறாருங்க."

"எங்க இருக்க?"

"கார்ல. தருமபுரிக்கு வந்துட்டிருக்கோம்."

"அவன் கையைத் தொட்டுப் பாரு."

கார் ஹாரன் மட்டும் கேட்டது. "சில்லுனு இருக்குதுங்க," என்றாள்.

நான் வகுப்புக்குத் திரும்பி மீதிப் பெயர்களையும் வாசித்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பிறகு தலைமையாசிரியரிடம் போய், தம்பிக்கு உடம்பு சரியில்லை, விடுப்பு வேண்டும் என்றேன். இறந்துவிட்டான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். நான் பஸ் ஏறினேன்.

எங்கள் அப்பாவும் இப்படித்தான் போனார். வயலில் மோட்டார் போடப் போனவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில். எங்கள் வீட்டு ஆண்கள் ஐம்பதைப் பார்ப்பதில்லை என்று சொந்தக்காரர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள், சிலர் வீட்டில் எல்லோருக்கும் சீக்கிரம் நரைக்கும் என்பதைப்போல. தம்பிக்கு நாற்பத்தாறு.

நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம் உள்ள அவன் வீட்டுக்கு நான் போய்ச் சேரும்போது கூட்டம் கூடியிருந்தது. அவனை வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சட்டைப் பையில் ஒரு மல்பெரி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் பட்டுப்புழு வளர்த்தான். வீட்டை ஒட்டியே புழு ஷெட். அந்த வாரம் புழுக்கள் கடைசித் தோல் உரித்து முடித்து, கூடு கட்டுவதற்கு முந்தைய பசியில் இருந்தன. அந்தச் சமயத்தில் அவற்றுக்கு ஒரு வேளை இலை போடாவிட்டாலும் அந்தப் போகமே வீண்.

தம்பி மனைவி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் தாய்மாமன் மகள். சின்ன வயசிலிருந்து எங்கள் வீட்டிலேயே ஓடியாடியவள். யாரோ ஊதுபத்தி கொளுத்த வந்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாங்க. புகை ஷெட்டுக்குள்ள போயிடும். புழுவுக்கு ஆவாது."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். ஊதுபத்தியைக் கொண்டுபோய்த் தெருமுனையில் வைத்தார்கள்.

பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தபோது நடுவில் ஒருமுறை அவள் எழுந்து, "இலை போட்டாச்சா?" என்று கேட்டாள். யாரும் போட்டிருக்கவில்லை. சாவு வீட்டு ஆட்கள் ஷெட்டுக்குள் போகலாமா கூடாதா என்று ஒரு பேச்சு நடந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் மனைவியும் இன்னொருத்தியும் கிளைகளை வெட்டி வந்து கொடுத்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

வரிசை வரிசையாகத் தட்டுகளில் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. கிளையைப் பரப்பியதும் தின்ன ஆரம்பித்தன. தகரக் கூரையில் தூறல் விழுவதைப்போல அந்தச் சத்தம். வெளியே ஒப்பாரி, உள்ளே இது. எனக்கு இந்தச் சத்தமே போதும் என்றிருந்தது. இந்தப் புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் அதற்கு இறக்கை இருக்கும், ஆனால் பறக்க வராது. நல்ல கூடு கட்டுவதை மட்டும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் பறப்பது போய்விட்டது. இதை நான் வகுப்பில் சொல்வதுண்டு. அன்று அது ஞாபகம் வந்தது. மற்றபடி எதுவும் தோன்றவில்லை. எல்லாத் தட்டுகளுக்கும் இலை போட்டு முடித்துவிட்டு வெளியே வந்தேன். ஓசூரில் வேலை பார்க்கிற தம்பி மகன் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். என்னைக் கண்டதும் "அத்தை" என்றான். நான் அவன் முதுகில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டேன்.

காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது பாடத்திட்டப்படி அடுத்தது இயற்கைத் தேர்வு. வேறு பாடத்தை முன்னால் எடுத்திருக்கலாம். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. கரும்பலகையில் மணி வடிவ வளைவை வரைந்தேன். பிறக்கும் குழந்தையின் எடையை உதாரணம் சொன்னேன். ரொம்பவும் சின்னதாகப் பிறப்பதும் தங்குவது கடினம், ரொம்பவும் பெரிதாகப் பிறப்பதும் கடினம், நடுவில் உள்ளவை தங்கும், அதனால் நடு அப்படியே நிற்கும். வளைவும் பிசகாமல் வந்திருந்தது.

வருஷாவருஷம் இந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்வேன்: "உயிருக்குக் கெடுதலானது மெல்ல மெல்ல நீங்கிவிடும்." அன்று அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அப்பா நீங்கவில்லையே. எங்களைப் பெற்று, வளர்த்து, எனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டுத்தான் போனார். சித்தப்பாவுக்கு நான்கு பிள்ளைகள். தம்பி மகன் வேலைக்கே போய்விட்டான். அவர்களுக்குள் இருந்த கெடுதல் அவர்களுக்கு முன்பே அடுத்த உடம்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. இயற்கை பார்ப்பது பிள்ளைகள் பிறந்து தங்குகின்றனவா என்பதைத்தான். அதற்கப்புறம் அப்பனுக்கு என்ன நடந்தாலும் அது அதன் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. எம்.எஸ்சி. படிக்கும்போது பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய விஷயம்.

மணி அடித்தது. வளைவை அழித்துவிட்டு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து தம்பி மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் அவளும் சமையலறையில் நின்றுகொண்டு டீ குடித்தோம். என் கணவர் டியூட்டிக்குப் போயிருந்தார், மகள் மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள்.

"அண்ணி, வருசம் திரும்பறதுக்குள்ள வூட்ல ஒரு நல்லது நடக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள். "உங்களுக்குத் தெரியாததில்ல. அவரும் வாய் நெறைய மருமகளேன்னுதான் கூப்புடுவாரு."

உண்மைதான். என் மகள் பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கி, "இவ எம்மவனுக்குத்தான்க்கா" என்றவன் அவன். எங்கள் பக்கம் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. முறைப்பையன் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை பார்த்தால் ஏன் என்று கேட்பார்கள்.

"முதல்ல அவனுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்," என்றேன். "அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னா பையனும் பார்த்துக்கணும்."

"எடுங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?"

டீ டம்ளரைக் கழுவி வைத்தேன்.

சேலத்தில் ஒரு இதய மருத்துவரிடம் போனோம். தம்பி மகன்தான் கார் ஓட்டினான். என் மகளும் கூட வந்தாள். கூட வந்ததால் எனக்கும் மகளுக்கும் சேர்த்தே ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். மருத்துவர் இளைஞர், சலிப்பில்லாமல் பேசினார். தம்பி மகனுக்குக் கெட்ட கொழுப்பு வயசுக்கு மீறி இருந்தது. என் மகளுக்கும் எல்லையைத் தொட்டிருந்தது. எனக்குச் சர்க்கரை ஆரம்பித்திருந்தது.

"இது ஒரு ஜீன்னால வர்றதுங்களா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒரே ஜீன்ல வர்ற வகையும் உண்டுங்க மேடம். அதுல கொழுப்பு இதைவிட ரொம்ப எகிறி இருக்கும். இவருக்கு அந்த மாதிரி தெரியல. இது நூத்துக்கணக்குல ஜீன் சேர்ந்து வர்றது. ஒவ்வொண்ணும் துளியூண்டுதான் செய்யும். எல்லாம் ஒரே ஆள்கிட்ட கொஞ்சம் அதிகமாச் சேர்ந்து, கூடவே சாப்பாடு, உக்கார்ந்த வேலை, சிகரெட்டுன்னு இருந்தா கஷ்டம்."

"இத்தனை காலமா ஏன் அது கழியாம இருக்குதுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "ஜுவாலஜி டீச்சர்னு சொன்னீங்களே. நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஜீன் பெரிய கெடுதல் செய்தால், அதைச் சுமப்பவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். ஆனால் ஒவ்வொன்றும் இம்மியளவு மட்டும் கெடுதல் செய்கிற ஆயிரம் இருந்தால், எதைப் பிடித்துக் கழிப்பது? ஒன்று குறைவதற்குள் இன்னொன்று புதிதாக முளைக்கும். அதிலும் சில, இளம் வயதில் ஏதோ ஒரு வகையில் உதவியும் செய்திருக்கலாம். எங்கள் பக்கம் மழை பொய்த்த வருஷங்கள் அதிகம். கிடைத்த கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிற உடம்புகள்தான் அந்த வருஷங்களைத் தாண்டின, அதே உடம்புதான் இப்போது மூன்று வேளைச் சோற்றுக்குத் திணறுகிறது என்று ஒரு கருத்து உண்டு. அது நிரூபணமாகாத ஊகம்தான், எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அது ஊகமா உண்மையா என்பதில் எனக்கு எந்த அக்கறையும் இருக்கவில்லை.

"இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பேசறோம்," என்றேன். "முறைதான். செய்யலாங்களா?"

இரண்டு பேரும் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நெருங்கின சொந்தத்துல வேணாம்னு பொதுவாச் சொல்லுவோம், அது வேற நோய்களுக்காக," என்றார் மருத்துவர். "இந்த நெஞ்சு விஷயத்துக்குன்னு கேட்டா, ரெண்டு பக்கமும் இருக்கறதால பிள்ளைக்குச் சேர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். எவ்வளவுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. யாராலயும் முடியாதுங்க."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். தம்பி மகனைச் சிகரெட்டை விடச் சொன்னார். அவன் சிகரெட் குடிப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் பேசினான்.

"அத்தை, நீங்களே அம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன்டா?"

"எங்கம்மா அப்பா தலைமாட்டுல உக்கார்ந்திருந்ததப் பார்த்தேன். இன்னொருத்தி அப்படி உக்கார வேணாம். நான் சொன்னா அம்மா அழும். நீங்க சொன்னா கேட்டுக்கும்."

பின் சீட்டில் இருந்த என் மகள் போனைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பரவால்லன்னு நான் சொன்னா?" என்று கேட்டாள்.

அவன் காதோரம் சிவந்தது. அவன் கியரை மாற்றினான். முன்னால் போன லாரி நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். அவள் மறுபடி கேட்கவில்லை. அவளுக்கு அவனைப் பிடிக்கும் என்று எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. தெரிந்தும் எனக்குள் எதுவும் அசையவில்லை. தம்பி போனதிலிருந்தே அப்படித்தான் இருந்தேன். கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டுவிட்டுச் சுடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பதைப்போல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி வாசலில் கூடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லதை ஒரு பக்கம், கறை பட்டதையும் இரட்டைக் கூட்டையும் மறு பக்கம். நானும் உட்கார்ந்து பிரித்தேன். பிறகு சொன்னேன்.

"நம்ம ரெண்டு வூட்லயும் ஒரே வியாதி. புள்ளைங்களுக்கு வேணாம். வெளிய பார்க்கலாம்."

அவள் கை நிற்கவில்லை. பிரித்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் அவரு அத்தை மவன்தானே அண்ணி. எனக்கு யாரு டெஸ்ட் எடுத்தாங்க?"

"அப்பத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா என்னை அவருக்குக் கட்டி வெச்சிருக்க மாட்டீங்க. எம்மவனும் பொறந்திருக்க மாட்டான். அதானே?"

அவன்தான் வேண்டாம் என்றான் என்று சொல்லியிருக்கலாம். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதனால் சொல்லவில்லை. 

"உங்க தம்பி உசுரோட இருந்தா இந்தப் பேச்சப் பேசுவீங்களா?"

"தெரியல," என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் மீதிக் கூடுகளைப் பிரித்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. மகளிடம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, "சரிம்மா" என்றாள். சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், வேலைக்குப் போனாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

வருஷம் திரும்பியபின் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அமைந்தான். எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத குடும்பம். மாமன் சீரைத் தன் அப்பா இடத்தில் நின்று தம்பி மகன்தான் செய்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறி, மாலை போட்டு, கீழே இறங்கிப் பந்தியில் பரிமாறப் போய்விட்டான். தம்பி மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டி முடிகிறவரை இருந்தாள். என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள். பேசவில்லை.

மகள் கர்ப்பமாகி ஏழாம் மாதம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை அதிகம் என்று வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காச்சும் சுகர், ஹார்ட் பிரச்னை இருக்குதுங்களா?"

"எனக்குச் சர்க்கரை. எங்கப்பா, சித்தப்பா, தம்பிக்கு ஹார்ட்," என்றேன்.

"வூட்டுக்காரர் பக்கம்?"

நான் இல்லை என்று சொல்லப் போனேன். பக்கத்தில் நின்றிருந்த சம்பந்தியம்மா கொஞ்சம் தயங்கி, "எங்க வூட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க. மாமனாரும் நெஞ்சு வலியிலதான் போனாரு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்டிருந்தாச் சொல்லியிருப்போங்க," என்றார். அவர் சொல்வது சரிதான். நான் கேட்கவில்லை. வெளியே என்றால் போதும் என்று நினைத்திருந்தேன். மருத்துவர் சொன்ன துளிகள் எங்கள் வீட்டில் மட்டும் ஊறியவை அல்ல, அக்கம்பக்கத்து எல்லா ஊர்களிலும் இருப்பவை என்பதை எம்.எஸ்சி. படித்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. "விடுங்கம்மா," என்றாள். நர்ஸ் எதையோ குறித்துக்கொண்டு, சோற்றைக் குறைக்கச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வளைகாப்புக்குத் தம்பி மனைவி முதல் ஆளாக வந்தாள். மகளே கேட்டுக்கொண்டதால் அவள் கையில் வளையல் அடுக்கிவிட்டு, கூட்டம் பந்திக்குப் போனபின் நான் தனியாக நின்றிருந்த பின்கட்டுக்கு வந்தாள்.

"சர்க்கரைன்னு சொன்னாங்களே. மாத்திரையா, ஊசியா?"

"இப்பத்திக்கு சாப்பாட்டுலயே கட்டுப்படுத்தச் சொல்லியிருக்காங்க." இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பேசுகிறாள் என்பது பதில் சொன்னபின்தான் உறைத்தது.

"நீங்க மாத்திரை போடறீங்களா அண்ணி?"

"போடறேன். பையன்?"

"போடறான். காத்தால எந்திரிச்சு ஓடறான். பொண்ணு பார்க்கலாம்னா மட்டும் வேணாங்கறான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு வேணாம்னு சொல்லச் சொன்னது அவன்தான்னு எனக்குத் தெரியும். மறு மாசமே சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் என்கிட்டப் பேசல?"

அவள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாரு மேலயாச்சும் கோவப்பட்டாகணும்ல அண்ணி. அவரு மேல முடியாது, போயிட்டாரு. புள்ள மேல முடியுமா? நீங்கதான் இருந்தீங்க. நீங்க தாங்கிக்குவீங்கன்னு தெரியும்."

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆனால் கால் வலித்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். அந்த வலியை அப்போதுதான் உணர்ந்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். பந்தியிலிருந்து யாரோ எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வருகிறோம் என்று அவள்தான் குரல் கொடுத்தாள்.